நின்றுபோன சக்கரம் இழுக்கும் கரண்ட்

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களின் பெயர் நிலவியல் படித்தவர்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும். அனார்த்தோசைட் என்னும் வெளிறிய பாறை அங்கே தரையோடு தரையாகக் கிடக்கிறது. நிலாவின் மேட்டுநிலங்கள் பெரும்பாலும் இந்த வகைப் பாறையால் ஆனவை. சந்திரயான் திட்டத்தின் லேண்டரையும் ரோவரையும் சோதித்துப் பார்க்க நிலா மண்ணுக்கு ஒரு மாற்று தேவைப்பட்டபோது, இஸ்ரோ இந்தப் பாறையைத்தான் தேடி வந்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறை உடன் நின்றது. 2012 முதல் இங்கிருந்து இஸ்ரோவுக்குப் போன மண் சுமார் 50 டன். நிலா மண்ணைப் போன்ற மண் தயாரிக்கும் செய்முறைக்கு 2020 மே மாதம் இஸ்ரோ காப்புரிமையும் பெற்றது.

ஓர் ஆறு சக்கர வண்டியை ஓட்டிப் பார்க்க இத்தனை பாடா என்று கேட்கத் தோன்றும். லேண்டரின் கால்களுக்கும் அந்த மண் வேண்டியிருந்தது, அது தனிக் கதை. ரோவரைப் பொறுத்தவரை காரணம் மோட்டாரில் இருக்கிறது. ஒரு மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்பது அதன் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் இல்லை. சக்கரத்துக்கு அடியில் என்ன கிடக்கிறது என்பதில் இருக்கிறது. சிமென்ட் தரையில் சத்தமில்லாமல் உருளும் வண்டி, புழுதியில் அரை அங்குலம் புதைந்தால் பல மடங்கு கரண்ட் கேட்கும். கேட்பதைக் கொடுக்க முடியாத சுற்று சூடாகும், அல்லது செத்துப்போகும்.

இந்த விதி சந்திரயான்-3 நிலாவில் இறக்கிய 26 கிலோ எடையுள்ள பிரக்யான் ரோவருக்கு எப்படியோ, சேலத்துப் பாலிடெக்னிக் மாணவர் பலகைத் துண்டில் நான்கு சக்கரம் மாட்டிச் செய்யும் வண்டிக்கும் அப்படியே. கல்லூரிக் கண்காட்சியில் டைல்ஸ் தரையில் அழகாக ஓடிய ரோபோ, வாசலில் இறக்கியதும் இரண்டு அடி நகர்ந்து நின்றுவிடும். நின்றதும் பலர் புரோகிராமைத் திறந்து பிழை தேடுவார்கள். பிழை பெரும்பாலும் அங்கே இருக்காது. மூளைக்கும் மோட்டாருக்கும் நடுவே உள்ள மோட்டார் டிரைவர் என்ற சிறு பலகையில் இருக்கும்.

அந்தப் பலகை ஏன் தேவை? ஆர்டுயினோ ஊனோ போர்டின் மூளையான ஏடிமெகா 328 சிப், தன் ஒரு காலின் வழியே 20 மில்லிஆம்பியர் வரை நிம்மதியாகத் தரும். 40 மில்லிஆம்பியர் அதன் உச்ச எல்லை. கடையில் கிடைக்கும் மஞ்சள் நிற பிளாஸ்டிக் கியர் மோட்டார்கூட சும்மா சுற்றவே நூறு மில்லிஆம்பியருக்கு மேல் கேட்கும், பிடித்து நிறுத்தினால் ஓர் ஆம்பியரைத் தொடும். லாரி ஓட்டும் நாமக்கல்காரர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. லாரியில் சாவியைத் திருப்பும்போது சாவி வழியே ஓடுவது சில ஆம்பியர்தான். செல்ஃப் மோட்டார் இழுப்பதோ நூற்றுக்கணக்கான ஆம்பியர். நடுவே இருக்கும் சோலனாய்டு, சின்னக் கரண்டின் கட்டளையைக் கேட்டு பேட்டரியிலிருந்து வரும் பெரிய கரண்டைத் திறந்துவிடுகிறது. மோட்டார் டிரைவரின் வேலையும் இதுதான். ஆனால் செல்ஃப் மோட்டார் ஒரே பக்கம் சுற்றினால் போதும். ரோபோவின் மோட்டார் இரு பக்கமும் சுற்ற வேண்டும், வேண்டிய வேகத்தில் சுற்ற வேண்டும், சொன்ன இடத்தில் நிற்கவும் வேண்டும்.

இரு பக்கமும் சுற்ற வைக்கும் சுற்றுக்கு ஹெச்-பிரிட்ஜ் என்று பெயர். நான்கு சுவிட்சுகள், நடுவில் மோட்டார். வரைந்து பார்த்தால் ஆங்கில எழுத்து ஹெச் போல இருக்கும். இடது மேல் சுவிட்சும் வலது கீழ் சுவிட்சும் மூடினால் கரண்ட் மோட்டாருக்குள் ஒரு திசையில் பாயும். மற்ற இரண்டும் மூடினால் எதிர்த் திசையில் பாயும். கீழ் சுவிட்சுகள் இரண்டை மட்டும் மூடினால் மோட்டாரின் இரு முனைகளும் ஒன்றோடொன்று இணைந்து மோட்டார் பிரேக் போட்டதுபோல் நிற்கும். நான்கையும் திறந்துவிட்டால் தன் போக்கில் உருண்டு நிற்கும்.

செய்யக்கூடாத சேர்க்கை ஒன்று உண்டு. ஒரே பக்கத்து மேல், கீழ் சுவிட்சுகளை ஒருசேர மூடினால் பேட்டரி நேரடியாக ஷார்ட் ஆகும். புரோகிராமில் அப்படி யாரும் எழுத மாட்டார்கள் என்றாலும், சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர் உடனே அணைந்துவிடுவதில்லை. ஒன்று அணைவதற்குள் மற்றொன்று விழித்துக்கொண்டால் மைக்ரோவினாடி நேரம் ஷார்ட் நீடிக்கும். வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடும் சுற்றில் அது சேர்ந்துகொண்டே போய் சிப்பை எரிக்கும். அதனால் இரண்டுக்கும் நடுவே வேண்டுமென்றே ஒரு சிறு இடைவெளி விடப்படுகிறது. ஐஆர்-2104 போன்ற டிரைவர் சிப்புகள் சுமார் அரை மைக்ரோவினாடி இடைவெளியைத் தாமாகவே விடும். சொந்தமாக ஹெச்-பிரிட்ஜ் கட்டுபவர்கள் முதலில் எரிப்பது இந்த இடத்தில்தான்.

டிரைவர் வடிவமைப்பின் மையக் கேள்வி வேறு: எத்தனை ஆம்பியருக்குத் திட்டமிடுவது?

மோட்டாரின் காயிலுக்குச் சிறிதளவே மின்தடை உண்டு. 12 வோல்ட் மோட்டார் ஒன்றின் மின்தடை 1.5 ஓம் என்றால், ஓம் விதிப்படி 12-ஐ 1.5-ஆல் வகுத்து 8 ஆம்பியர் ஓட வேண்டும். ஆனால் சுமையில்லாமல் சுற்றும்போது மீட்டர் அரை ஆம்பியரைத்தான் காட்டும். சுற்றும் மோட்டார் அதே நேரத்தில் ஒரு ஜெனரேட்டரும் கூட. அது உண்டாக்கும் வோல்ட், பேட்டரியின் வோல்ட்டை எதிர்த்து நிற்கிறது. பள்ளிப் பாடத்தில் இதற்கு எதிர் மின்னியக்கு விசை என்று பெயர். வேகம் கூடக் கூட எதிர்ப்பு கூடும், கரண்ட் குறையும். சக்கரம் எதிலாவது மாட்டி நின்றால் எதிர்ப்பு பூஜ்யமாகும். அப்போது மோட்டார் வெறும் கம்பிச் சுருள்தான், முழு 8 ஆம்பியரும் பாயும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கண நேரத்துக்கு இதே நிலை. நின்ற மோட்டார்தான் அதிகம் தின்கிறது.

மோட்டார் பெட்டியின் மேல் பெரும்பாலும் ஓடும்போது இழுக்கும் கரண்டை மட்டுமே அச்சிடுவார்கள். அதை நம்பி டிரைவர் வாங்குவதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு.

ஓர் உதாரணம். நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைக் கொட்டகையில், கூண்டு வரிசைகளுக்கு நடுவே தீவன வாளியைச் சுமந்து போய்வர ஒரு சிறு வண்டி செய்ய ஒரு மாணவர் நினைக்கிறார் என்று கொள்வோம். வண்டியும் சுமையும் சேர்ந்து 15 கிலோ. சக்கரத்தின் ஆரம் 7.5 சென்டிமீட்டர். இரண்டு மோட்டார். எடையை விசையாகச் சொன்னால் சுமார் 147 நியூட்டன். சிமென்ட் தரையில் உருட்டுவதற்கு அதில் நூற்றில் இரண்டு பங்கு, அதாவது 3 நியூட்டன் தள்ளினாலே போதும். தளர்ந்த மண்ணிலோ எருவிலோ சக்கரம் புதையும்போது நூற்றில் இருபத்தைந்து பங்கு, சுமார் 37 நியூட்டன் தேவைப்படலாம். மோட்டாருக்கு மோட்டார் பார்த்தால் முறுக்குவிசை சிமென்ட்டில் 0.11 நியூட்டன் மீட்டர், மண்ணில் 1.4. மோட்டாரின் கரண்ட் முறுக்குவிசையோடு நேர்விகிதத்தில் நகரும். அதே வண்டி, அதே பேட்டரி, அதே புரோகிராம். தரை மாறியதும் சுமைக் கரண்ட் பன்னிரண்டு மடங்கு ஏறிவிட்டது.

நின்ற மோட்டார் இழுக்கும் எட்டு ஆம்பியரோடும் கதை முடியவில்லை. முழு வேகத்தில் முன்னோக்கிப் போகும் வண்டியைத் திடீரென்று முழு வேகத்தில் பின்னோக்கித் திருப்பினால் என்ன ஆகும்? மோட்டார் இன்னும் பழைய திசையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது உண்டாக்கும் 11 வோல்ட் இப்போது பேட்டரியை எதிர்க்காது, பேட்டரியோடு சேர்ந்துகொள்ளும். 12-ம் 11-ம் சேர்ந்து 23 வோல்ட், 1.5 ஓம். பதினைந்து ஆம்பியர்! ரிமோட்டில் குச்சியை முன்னும் பின்னும் ஆட்டி விளையாடும் பையன்கள் டிரைவரை எரிப்பது இப்படித்தான். இதற்கான மருந்துக்குக் காசு செலவில்லை. வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, நிறுத்தி, பிறகு எதிர்த் திசையில் படிப்படியாக ஏற்றும் நாலு வரி புரோகிராம் போதும்.

பெரிய டிரைவர் தேடுவதற்கு முன் பார்க்க வேண்டியது கியர். கியர் விகிதத்தை இரட்டிப்பாக்கினால் வேகம் பாதியாகும், அதே இழுவைக்கு வேண்டிய கரண்டும் ஏறத்தாழப் பாதியாகும். பிரக்யான் நகர்ந்தது வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில். அதன் சூரியத் தகடு தந்தது 50 வாட். மெதுவாகப் போவது அதன் பலவீனம் அன்று, கையிலிருக்கும் வாட்டுக்குள் குடும்பம் நடத்தும் கணக்கு. கோழிப்பண்ணை வண்டி மண்ணில் 37 நியூட்டன் இழுத்துக்கொண்டு வினாடிக்கு அரை மீட்டர் போனால் 18 வாட் வேண்டும். ஒரு சென்டிமீட்டர் போதுமென்றால் அரை வாட்டுக்கும் குறைவு. அவ்வளவு மெதுவாகப் போனால் கோழி பசியில் வாடும் என்பது வேறு விஷயம். ஆனாலும் பொழுதுபோக்கு ரோபோக்களில் பல தேவையில்லாத வேகத்துக்காகத் தேவையுள்ள இழுவையை இழந்தவை.

இனி சிப்புக்கு வருவோம். இந்தியாவின் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் மோட்டார் டிரைவர் என்று கேட்டால் சிவப்புப் பலகையில் கறுப்பு வெப்பத்தகடு மாட்டிய எல்-298 போர்டை எடுத்து வைப்பார்கள். பழைய சிப், ஆனால் அசராத சிப். ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு மோட்டாருக்கு, 2 ஆம்பியர், 46 வோல்ட் வரை தாங்கும். குறை, உள்ளே இருப்பவை பைபோலார் டிரான்சிஸ்டர்கள் என்பது. கரண்ட் அவற்றைக் கடக்கும்போது வோல்ட்டில் ஒரு பங்கைத் தமக்கென்று எடுத்துக்கொள்ளும். 2 ஆம்பியரில் இந்த இழப்பு 4.9 வோல்ட் வரை போகலாம் என்று தயாரித்த நிறுவனத்தின் தகவல் தாளே சொல்கிறது. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போய்ச் சேருவது 7 வோல்ட். மீதி, சுமார் 10 வாட், வெப்பமாகப் போகிறது. சின்ன சால்டரிங் அயர்னை நினைவூட்டும் அளவு அது. 6 வோல்ட் பேட்டரியில் ஓடும் மஞ்சள் மோட்டார் வண்டிக்கு இந்தச் சிப்பைப் போடுவது பேட்டரியில் பாதியைத் தெருவில் கொட்டுவதற்குச் சமம். அதன் தம்பி எல்-293டி இன்னும் சிறியது, சேனலுக்கு 600 மில்லிஆம்பியர்தான்.

தகவல் தாளில் அச்சிட்ட எண்களில் பல, சுற்றுப்புறம் 25 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது அளந்தவை. சேலத்தில் சித்திரை, வைகாசி மாதப் பகல் 40 டிகிரியைத் தொடும். மூடிய பெட்டிக்குள் அதற்கும் மேல். டிரான்சிஸ்டரின் உள்ளே தாங்கக்கூடிய வெப்பம் வழக்கமாக 150 டிகிரி. வெளியே 15 டிகிரி கூடினால் உள்ளே அதே 15 டிகிரி இடம் குறைந்துவிடும். ஜனவரியில் ஓடிய ரோபோ மே மாதம் படுத்துக்கொள்வதற்கு வேறு மர்மம் வேண்டியதில்லை. நிலாவில் நிலைமை இன்னும் மோசம். அங்கே காற்றே இல்லாததால் வெப்பத்தகட்டுக்குக் காத்தாடி வைத்துப் பயனில்லை. உலோகத்தின் வழியே கடத்தியும், கதிர்வீச்சாகவும்தான் வெப்பத்தை வெளியேற்ற முடியும். ஆக, வெப்பத்தைத் துரத்துவதைவிட வெப்பம் பிறக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வடிவமைப்பு.

அங்கேதான் மாஸ்ஃபெட் வருகிறது. இந்த வகை டிரான்சிஸ்டர் முழுதாகத் திறந்த நிலையில் ஒரு மிகச் சிறிய மின்தடையைப் போல நடந்துகொள்ளும். பிடிஎஸ்-7960 என்ற அரை-பிரிட்ஜ் சிப்பில் மேல், கீழ் இரண்டும் சேர்ந்து சுமார் 16 மில்லிஓம். இரண்டு சிப் சேர்ந்த போர்டு ஒரு முழு ஹெச்-பிரிட்ஜ். 8 ஆம்பியர் ஓடினால் இழப்பு ஏறக்குறைய ஒரு வாட். எல்-298 இரண்டு ஆம்பியருக்கே பத்து வாட் வரை எரிப்பதோடு ஒப்பிட்டால் எந்தப் பக்கம் போவது என்பதில் விவாதமே இல்லை. சின்ன வண்டிகளுக்கு டோஷிபாவின் டிபி-6612 போதும். அதுவும் மாஸ்ஃபெட், தொடர்ந்து 1.2 ஆம்பியர், கண நேரத்துக்கு 3.2 ஆம்பியர்.

விற்பவர்கள் பிடிஎஸ்-7960 போர்டை 43 ஆம்பியர் டிரைவர் என்றுதான் சொல்வார்கள். அந்த 43, தொடர்ந்து ஓட்டக்கூடிய அளவு அன்று. சிப் தன்னைக் காத்துக்கொள்ளக் கரண்டை மடக்கும் எல்லை. அந்தச் சிறிய பலகையில், அந்தச் சிறிய வெப்பத்தகட்டில், அதில் கால் பங்கைத் தொடர்ந்து எதிர்பார்ப்பதே புத்திசாலித்தனம். இன்னொன்று, இதன் வேலை வரம்பு 27.5 வோல்ட் வரை. லாரியிலிருந்து கழற்றிய இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட்தானே என்று நினைப்பவர்கள், சார்ஜ் ஏறும்போது அது 28-ஐத் தாண்டுவதை மறந்துவிடுகிறார்கள்.

மாஸ்ஃபெட்டைத் தனியே வாங்கிச் சொந்தமாகக் கட்டுபவர்களுக்கு ஒரு கண்ணி உண்டு. ஐஆர்எஃப்-இசட்44 மலிவு, எங்கும் கிடைக்கும். கட்டளை வாங்கும் அதன் கேட் முனைக்குப் பத்து வோல்ட் கொடுத்தால்தான் முழுதாகத் திறக்கும். ஈஎஸ்பி-32 போர்டு தரும் 3.3 வோல்ட்டில் அது அரைகுறையாகத் திறந்து, பாதி மூடிய குழாயைப் போலத் தடுத்துத் தடுத்துச் சூடாகும். ஐஆர்எல் என்று தொடங்கும் லாஜிக் லெவல் வகை 5 வோல்ட்டிலேயே திறக்கும். 3.3 வோல்ட்டுக்கு அதையும் நம்பாமல், இடையில் கேட் டிரைவர் சிப் போடுவதே நல்லது.

வேகத்தைக் குறைக்க வோல்ட்டைக் குறைப்பதில்லை. முழு வோல்ட்டையே வினாடிக்குப் பல நூறு முறையோ பல்லாயிரம் முறையோ விட்டு விட்டுத் தருவது வழக்கம். திறந்திருக்கும் நேரத்தின் பங்குதான் வேகம். பிடபிள்யூஎம் என்று மாணவர்கள் சொல்வது இதைத்தான். ஆர்டுயினோ ஊனோ இயல்பாக வினாடிக்கு 490 முறை விட்டுவிட்டுத் தரும், 5, 6 எண் கால்களில் 980 முறை. மோட்டார் கொசு ரீங்கரிப்பதுபோல் பாடுவது அதனால்தான். காதுக்கு எட்டாத 20 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் பாட்டு நிற்கும். ஆனால் ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் டிரான்சிஸ்டர் கொஞ்சம் சூடாகும் என்பதால் அதற்கு மேல் ஏற்றுவதில் லாபமில்லை.

விட்டு விட்டுத் தரும்போது ஒரு சிக்கல் எழும். காயிலில் ஓடும் கரண்ட் சட்டென்று நிற்க மறுக்கும். சுவிட்சைத் திறந்ததும் காயில் தன் காந்தப்புலத்தில் சேர்த்த ஆற்றலைக் கொண்டு கரண்டைத் தொடர்ந்து தள்ளப் பார்க்கும். வழி இல்லாவிட்டால் முனைகளில் வோல்ட் நூற்றுக்கணக்கில் எகிறி டிரான்சிஸ்டரைத் துளைக்கும். அந்தக் கரண்டுக்கு வழிவிடத்தான் ஒவ்வொரு சுவிட்சுக்கும் இணையாக ஒரு டயோடு. மாஸ்ஃபெட்டுக்கு அது பிறவியிலேயே உள்ளே இருக்கிறது. எல்-298 சிப்பில் இல்லை, வெளியே போட வேண்டும். கையில் கிடைக்கும் 4007 டயோடை மாட்டுபவர்கள் உண்டு. அது வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸுக்குப் பிறந்தது, இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. 5822 போன்ற ஷாட்கி டயோடுதான் இங்கே பொருந்தும்.

பழைய லாரிச் சாமான் விற்கும் கடைகள் நிறைந்த நாமக்கல்லில், ரோபோ செய்யும் மாணவர்களுக்கு வைப்பர் மோட்டார் ஒரு வரம். இழுவை அதிகம், விலை குறைவு, புழுதிக்கும் மழைக்கும் அஞ்சாது. அதில் வழக்கமாக மூன்று கார்பன் பிரஷ். மெதுவான ஓட்டத்துக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று, பொதுவானது ஒன்று. சுவிட்சை அணைத்ததும் வைப்பர் கண்ணாடியின் அடியில் போய்ச் சரியாக நிற்கிறதே, அதற்குக் காரணம் உள்ளே இருக்கும் ஒரு சுவிட்ச். குறித்த இடம் வந்ததும் அது மோட்டாரின் முனைகளை ஒன்றோடொன்று இணைத்துவிடும். ஹெச்-பிரிட்ஜின் பிரேக் நிலையை மைக்ரோசிப் வருமுன்பே லாரிகள் கையாண்டிருக்கின்றன.

இந்த மோட்டாரில் பார்க்க வேண்டியது எர்த். பலவற்றில் பொதுவான பிரஷ் மோட்டாரின் உடம்போடு இணைந்திருக்கும், ஏனென்றால் லாரியின் சேஸிஸே எர்த். ஹெச்-பிரிட்ஜில் மாட்டித் திசை மாற்றினால் மோட்டாரின் உடம்பே பாசிட்டிவ் ஆகிவிடும். இரண்டு மோட்டாரையும் ஒரே இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு முறுக்கியிருந்தால், ஒன்று முன்னும் ஒன்று பின்னும் சுற்றும்போது சட்டத்தின் வழியே ஷார்ட் ஆகும். மல்டிமீட்டரை வைத்து வயருக்கும் உடம்புக்கும் தொடர்பு உண்டா என்று பார்த்துவிட்டு, இருந்தால் உள்ளே பிரித்து இணைப்பைத் துண்டிக்க வேண்டும், இல்லையென்றால் ரப்பர், நைலான் வாஷர் வைத்துத் தனிமைப்படுத்த வேண்டும்.

மோட்டார் கிளம்பும் அதே கணத்தில் ஆர்டுயினோ ரீசெட் ஆகிறது என்பது இன்னொரு வழக்கமான புகார். மோட்டார் 8 ஆம்பியரை உறிஞ்சும்போது சின்ன பேட்டரியின் வோல்ட் குழி விழும். வோல்ட் 2.7-க்குக் கீழே போனால் ஊனோவின் சிப் தன்னைத் தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும். மோட்டாருக்கும் மூளைக்கும் தனித்தனி சப்ளை, இரண்டுக்கும் பொதுவான ஒரே எர்த், டிரைவரை ஒட்டி 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, மோட்டாரின் முனைகளிலேயே 104 என்று எண் போட்ட சின்ன செராமிக் கெப்பாசிட்டர் ஒன்று. இவ்வளவு செய்தால் பத்தில் ஒன்பது புகார் தீரும். எர்த்தை இணைக்க மறந்தால் எதுவுமே ஓடாது. அப்போதும் பழி புரோகிராம் மேல்தான் விழும்.

பாதுகாப்புக்கு, கார் உதிரிபாகக் கடையில் கிடைக்கும் பிளேடு ஃபியூஸ் பேட்டரியை ஒட்டிப் போட வேண்டும். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை மட்டுமே. அது உருகுவதற்குள் டிரான்சிஸ்டர் போய்ச் சேர்ந்திருக்கும். டிரான்சிஸ்டரைக் காக்கக் கரண்டை அளந்துகொண்டே இருக்க வேண்டும். பிடிஎஸ்-7960 சிப்பில் அதற்கென்றே ஒரு கால் உண்டு. சுமைக் கரண்டில் சுமார் 8500-ல் ஒரு பங்கு அதன் வழியே வரும். அதை ஒரு கிலோஓம் மின்தடை வழியே எர்த்துக்கு விட்டால், 8.5 ஆம்பியர் ஓடும்போது அங்கே ஒரு வோல்ட் இருக்கும். ஆர்டுயினோ அதைப் படித்து, அரை வினாடிக்கு மேல் நீடித்தால் மோட்டாரை நிறுத்திவிடலாம். விலை உயர்ந்த ரோபோவுக்கும் விளையாட்டு ரோபோவுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த ஒரு வயர்தான்.

பிரஷ் இல்லாத மோட்டார்களில் கதை சற்று மாறும். பிரக்யானின் ஆறு சக்கரங்களுக்கும் தனித்தனியே பிரஷ் இல்லாத மோட்டார். ஸ்டியரிங் என்று ஒன்று கிடையாது, இரு பக்கச் சக்கரங்களின் வேகத்தை வேறுபடுத்தித் திரும்பும். இந்த வகை மோட்டாருக்குப் பொதுவாக மூன்று அரை-பிரிட்ஜ், ஆறு சுவிட்ச் வேண்டும். 2023 ஆகஸ்ட் 27 அன்று பிரக்யானுக்கு மூன்று மீட்டர் முன்னால் நான்கு மீட்டர் அகலக் குழி ஒன்று தென்பட்டது. வந்த வழியே திரும்பச் சொன்னார்கள், திரும்பியது. இவ்வளவு மெதுவாகப் போகும் வண்டியை நிறுத்தி நிதானமாகத் திருப்பினால் கரண்ட் எகிறுவதில்லை.

சந்திரயான்-3 பயணத்தில் சேலத்துக்கு இன்னொரு பங்கும் உண்டு. சோனா தொழில்நுட்பக் கல்லூரியின் சோனா ஸ்பீடு மையம் உருவாக்கிய ஸ்டெப்பர் மோட்டார், 2023 ஜூலை 14 அன்று கிளம்பிய எல்விஎம்-3 ராக்கெட்டில், எஞ்சினுக்குப் போகும் திரவ எரிபொருள் கலவையின் விகிதத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பில் இடம்பெற்றது. ஸ்டெப்பர் மோட்டார் ஒரு முழுச் சுற்றைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து நகரும். ஒரு படியில் நிற்கும்போதும் அந்த இடத்தை விடாமல் பிடித்துக்கொள்ளக் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அதாவது, நின்ற நிலையே அதன் வேலை நிலை. எனவே அதற்கான டிரைவர், கரண்ட் குறித்த அளவைத் தொட்டதும் வெட்டி, குறைந்ததும் மறுபடி விடும். 3டி பிரிண்டர்களில் உள்ள ஏ-4988 என்ற விரல்நகம் அளவு போர்டு இதைத்தான் செய்கிறது. அதிலுள்ள சிறு திருகைத் திருப்பிக் கரண்ட் எல்லையை வைக்கலாம். அதைத் தொடாமலே மாட்டிவிட்டு மோட்டார் சுடுகிறது என்பவர்கள் ஏராளம்.

டிரைவர் வாங்கப் புறப்படுமுன் ஓர் அளவு எடுத்துக்கொண்டு போவது நல்லது. 12 வோல்ட்டிலேயே மோட்டாரைப் பிடித்து நிறுத்த முயல வேண்டாம், கியர் பல் உடையும், விரலும் உடையும். ஒற்றை லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டைக் கொடுத்து, சக்கரத்தை இடுக்கியில் இறுக்கி, மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் சிவப்பு வயரைச் செருகி ஓரிரு வினாடி கரண்டைப் பார்த்தால் போதும். அதே சமயம் மோட்டார் முனையில் உள்ள வோல்ட்டையும் குறித்துக்கொண்டு, வோல்ட்டைக் கரண்டால் வகுத்தால் காயிலின் மின்தடை கிடைக்கும். தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நாலைந்து இடத்தில் அளந்து, மிகக் குறைந்த ஓம் எண்ணை எடுத்துக்கொள்ளவும். பேட்டரியின் வோல்ட்டை அதனால் வகுத்து வரும் ஆம்பியரைத் தொடர்ந்து தாங்கும் டிரைவரை மட்டும் வாங்குங்கள். கடைக்காரர் எல்-298 போர்டை நீட்டினால், அந்த எண்ணைச் சொல்லிவிட்டு வேறு கேளுங்கள்.